பலகையின் அடிப்பக்கம்

மூணாவது ஓலையும் வாசித்தாயிற்று. கட்டில்தான் இன்னும் காயவில்லை.

மூன்று ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிகிற நேரத்தில், சாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். இரும்புலியூர் சவுரிமுத்து, ஞானம்மாள் தம்பதியின் மகள் ஞானசௌந்தரிக்கும், பள்ளிக்கரணை ஏசுபாதம், கன்னியம்மா தம்பதியின் மகன் தாவீதுக்கும் திருமணம். தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம். மூன்று வாரமும் யாரும் வந்து ஒன்றும் சொல்லவில்லை. வருகிற புதன்கிழமை கல்யாணம். அதை விட்டால் ஞாயிற்றுக்கிழமை திருவருகைக் காலம் ஆரம்பித்துவிடும். கிறிஸ்துமஸ் போகிற வரைக்கும் கோயிலில் தாலி கட்ட முடியாது. அதனால் கார்த்திகை அடைமழை என்று தெரிந்தேதான் நாள் குறித்தார்கள்.

முடிச்சூர் ரோட்டில் அப்துல் ரசாக் பாயின் பழைய சாமான் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை உண்டு. சவுரிமுத்துவுக்கு அங்கே பத்தொன்பது வருஷமாக வேலை. தாம்பரத்தைச் சுற்றி யார் வீட்டிலிருந்து எது வெளியே தள்ளப்பட்டாலும் கடைசியில் அந்தக் கொட்டகைக்குத்தான் வரும். ஏர்போர்ஸ் குவார்ட்டர்ஸில் மாற்றலாகிப் போகிறவர்கள் விட்டுவிட்டுப் போகிற மேஜை, பொத்தேரியில் காலேஜ் பையன்கள் ஜூனில் வாங்கி ஏப்ரலில் திருப்பித் தள்ளுகிற கட்டில், ஒரு கால் ஆடுகிற நாற்காலி, கண்ணாடி போன டிரெஸ்ஸிங் டேபிள். எண்ணெய்ப் பிசுக்கு, கரப்பான் முட்டை, மூட்டைப்பூச்சி எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். காஸ்டிக் சோடா கரைத்து ஊற்றி, தேங்காய் நாரால் தேய்த்து, கழுவி, வெயிலில் போட்டு, பழைய பெயிண்டைத் தகட்டால் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, ஓட்டையில் பட்டி அடைத்து, இரண்டு கை பெயிண்ட் அடித்தால் அது கடைக்கு முன்னால் போய் நிற்கும். சோடா தின்றதில் சவுரிமுத்துவின் விரல் நுனிகளில் ரேகையே கிடையாது. ரேஷன் ஆபீசில் ஒரு தரம் கைநாட்டு வைக்கச் சொன்னபோது வெறும் மைதான் அப்பியது. அதற்கப்புறம்தான் நாற்பது வயசில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டான்.

அவன் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே பாய் சொல்லிவிட்டார்.

"கண்ணுக்குத் தெரியிற எடத்துல மட்டும் அடி, சவுரி. முதுகுப்பக்கம் செவுத்தாண்ட போயிடும். அடிப்பக்கம் தரைய பாத்துகினு கெடக்கும். அங்கெல்லாம் அடிச்சா எனுக்கு டப்பாதான் காலியாவும்."

பழைய சாமான் வேலையில் எல்லா இடத்திலும் அப்படித்தான். புதுச் சாமான் கடையிலும் அப்படித்தான். கட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் வெறும் மரம் வெளுப்பாகத் தெரியும்.

இந்தக் கட்டில் சிட்லபாக்கத்தில் ஏரிக்கரைப் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. சவுரிமுத்துதான் வண்டியோடு போனான். அந்த வீட்டுக்காரர் ஸ்ரீரங்கன், பாங்க்கில் வேலை பார்க்கிறவர், வழித்த தலையோடு வாசலில் நின்றிருந்தார்.

"அப்பா ரெண்டரை வருஷம் இதுலதாம்ப்பா. பெட்டை விட்டு எழுந்திருக்கவே இல்லை. பதிமூணாம் நாளைக்கு முன்னாடி இதை டிஸ்போஸ் பண்ணிடணும்னு பெரியவா சொல்றா. காசெல்லாம் ஒண்ணும் வேண்டாம். கூட வர்ற பழைய பீரோவுக்கு மட்டும் பாயைப் பார்த்துக் குடுக்கச் சொல்லு."

"செரி சார்."

"ஓரமா எடுத்துண்டு போ. சுவத்துல படாம."

கொட்டகையில் இறக்கியதும் பாய் எட்டியே நின்று பார்த்தார். பலகைகளின் நடுவில், ஒரு ஆள் படுத்தெழுந்த அளவுக்கு, மூத்திரம் ஊறிக் கறுத்துப்போயிருந்தது.

"இத எதுக்குடா ஏத்திகினு வந்தே. எவன் வாங்குவான். ஒடச்சு டீக்கடைக்காரனுக்கு அடுப்புக்குப் போட்டுடு."

சவுரிமுத்து தகட்டால் காலில் ஒரு இடத்தைச் சுரண்டினான். நீலம், அதுக்குக் கீழே பச்சை, அதுக்குக் கீழே சாக்லேட் கலர், அதுக்குக் கீழே மரம். மோந்து பார்த்தான்.

"தேக்கு, பாய்."

"இருக்கட்டுமே."

"நான் எடுத்துக்கட்டா?"

"உனுக்கு எதுக்கு?"

"பொண்ணுக்கு."

பாய் வெற்றிலையை வாயின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தள்ளினார்.

"எடுத்துக்க. நான் வாணான்னு சொல்லல. ஆனா சம்மந்திக்காரங்களாண்ட மின்னாடியே சொல்லிடு. பழசுதான், தேக்கு, நானே அடிச்சதுன்னு சொல்லிடு. நீ இன்னா வேல செய்யறேன்னு அவங்களுக்குத் தெரியும்ல. ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க."

"ஞானம் புதுசுன்னு சொல்லிட்டா, பாய்."

"ஏன் அப்டி சொன்னா?"

அதை ஞானம்மாளாலேயே சொல்ல முடியாது. நிச்சயத்தன்று கன்னியம்மா, "பொண்ணு பீரோ வாங்கி வெச்சிகிதாமே, கட்டிலு மெத்த உண்டில்ல அண்ணி?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். பீரோ ஞானசௌந்தரி வாங்கியது. சானடோரியம் பக்கத்து எக்ஸ்போர்ட் கம்பெனியில் நாலு வருஷம் காலர் தைத்துச் சேர்த்த காசு. பீரோ பெண்ணே வாங்கியது என்று எல்லார் முன்னாலும் வந்துவிட்டதில் ஞானம்மாளுக்கு முகம் சுண்டிவிட்டது. பெத்தவர்கள் என்ன செய்தார்கள் என்று யாராவது கேட்டுவிடுவதற்குள் சொல்லிவிட்டாள். "அதெல்லாம் புதுக் கட்டிலே போடறோம் அண்ணி." புதுசா என்று யாரும் கேட்டிருக்கவில்லை.

சோடாவை இரண்டு தரம் ஊற்றினான். இரண்டு தரமும் பழுப்புத் தண்ணியாக ஓடியது, நாத்தம் போகவில்லை. வேப்பிலை போட்டுக் காய்ச்சிய வெந்நீர் ஊற்றினான். சந்து சந்தாக மண்ணெண்ணெய் விட்டான். மூட்டைப்பூச்சி கொத்தாக வந்து விழுந்தது. தலைமாட்டுப் பலகையில் கை வைக்கிற உயரத்தில் மட்டும் மரம் வழவழவென்று தேய்ந்திருந்தது. கிழவர் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. அந்த இடத்துக்கு உப்புத்தாளே தேவைப்படவில்லை.

பத்தொன்பது வருஷத்தில் அவன் அடித்த கட்டில்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் யாராவது செத்திருப்பார்கள். அதை அவன் ஒரு நாளும் நினைத்துப் பார்த்தவன் இல்லை. அடிப்பான், வெளியே தூக்கி வைப்பான், யாராவது ஏற்றிக்கொண்டு போவார்கள். இப்போது தகட்டை எடுக்கும்போதெல்லாம் அந்தக் கறுத்த இடம் கண்ணில் நின்றது.

சாயங்காலம் ஞானசௌந்தரி கம்பெனி விட்டு நேராகக் கொட்டகைக்கு வந்தாள். குடை கம்பி உடைந்து ஒரு பக்கம் தொங்கியது. டிபன் பாக்ஸைத் திறந்து மிச்சம் வைத்திருந்த கருவாட்டுத் துண்டையும் கொஞ்சம் சோற்றையும் நீட்டினாள்.

"துன்னு நைனா. மத்தியானம் துன்னிருக்க மாட்டே."

"வந்து துன்னுக்கறேன். கையெல்லாம் சோடா."

"வாயத் தொற." பிசைந்து ஊட்டினாள். அவன் இரண்டு கையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி வாங்கித் தின்றான்.

"யாரோடது இது?"

"ஏர்போர்ஸ்காரரு. ஹிந்திக்காரரு. மாத்தலாயி ஜோத்பூரு போயிட்டாரு."

"நல்லாதான் கீது."

"தேக்கும்மா. உன் பேரனுக்குப் பேரன் படுப்பான்."

"ம்க்கும். அதுக்குள்ள எத்தினி வாட்டி பெயிண்ட் அடிக்கணுமோ." சிரித்தாள். அவள் சிரித்தால் ஒரு பல் மற்றதன் மேல் ஏறியிருப்பது தெரியும். அதை மறைக்க உதட்டை மடித்துக்கொள்வாள்.

பாலிஷ் போட்டால் கறை மேலே தெரியும் என்று இனாமலே அடித்தான். சட்டத்துக்குக் காப்பிக் கலர், தலைமாட்டுக்கு கிரீம். முதல் கை அடித்து, இரண்டாம் கை அடித்து, தலைமாட்டு ஓரத்தில் மெல்லிசாக ஒரு கோடு இழுத்தான். அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். வேறு எந்தக் கட்டிலாக இருந்தாலும் நிறுத்தியிருப்பான்.

ஏழு பலகையையும் கழற்றி வரிசையாகச் சாய்த்து வைத்தான். மெத்தை போட்டால் மேல் பக்கமே தெரியாது. ஆனால் அதன் மேல்தான் பெண் படுப்பாள். மேல் பக்கம் அடித்தான். திருப்பிப் பார்த்தால் கறை அடிப்பக்கம் வரைக்கும் இறங்கியிருந்தது. அங்கேயும் அடித்தான். சட்டத்தின் உள்பக்கம், கால்களின் பின்பக்கம், பலகை போய் உட்காருகிற பள்ளம், ஆணித் துளையின் விளிம்பு வரைக்கும் சின்ன பிரஷ்ஷால் அடித்தான்.

"அங்க எதுக்கு நைனா அடிச்சிகினு கீறே. யாரு குனிஞ்சு பாக்கப் போறா?"

"பூச்சி ஏறாது."

பாய் வந்து பார்த்தார். டப்பா யாருடையது என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

மழை விடவில்லை. திங்கட்கிழமை தொட்டால் பெயிண்ட் விரலோடு இழுத்துக்கொண்டு வந்தது. பாய் கடை டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து வைத்தார். கட்டிலைச் சுற்றி இருநூறு வாட் பல்பு இரண்டு தொங்கவிட்டான். இரும்புச் சட்டியில் கரி நெருப்புப் போட்டு அடியில் தள்ளினான். மேலே அடித்தது காய்ந்தது, அடியில் அடித்தது பிசுபிசுவென்றே இருந்தது. செவ்வாய்க்கிழமை பீரோவோடு கட்டிலும் பள்ளிக்கரணை போக வேண்டியது. பீரோவை மட்டும் அனுப்பிவிட்டு, கட்டில் கல்யாணத்தன்று மத்தியானம் வரும் என்று சொல்லியனுப்பினார்கள்.

புதன்கிழமை காலையில் மழை கொஞ்சம் ஓய்ந்தது. கோயிலில் தாவீது தாலி கட்டினான். கட்டும்போது ஒரு முடிச்சு நழுவியது, நாத்தனார் போட்டுவிட்டாள். பெரிய ஆள் இல்லை, சாது. பெருங்குடி பக்கம் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுகிறவன். கோயில் பின்கட்டில் பந்தி. பிரிஞ்சியும் கறிக்குழம்பும் தயிர்ப்பச்சடியும். மாப்பிள்ளை வீட்டார் நன்றாகச் சாப்பிட்டார்கள். ஏசுபாதம் சவுரிமுத்துவின் தோளில் கை போட்டு, "ஒரு கொறையும் இல்ல சம்மந்தி" என்றார்.

பெண்ணும் மாப்பிள்ளையும் காரில் போனார்கள். சவுரிமுத்து பிரித்த கட்டிலை மோட்டார் வைத்த மூணு சக்கர மீன்பாடி வண்டியில் தார்ப்பாய் போட்டு ஏற்றிக்கொண்டு பின்னால் போனான். சேலையூர், மேடவாக்கம் தாண்டி பள்ளிக்கரணை போகிறதற்குள் மழை மறுபடி பிடித்துக்கொண்டது. சதுப்பு பக்கம் ரோடும் தண்ணியும் ஒரே மட்டமாக இருந்தது. புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வண்டியில் பலகைகளின் மேல் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தான்.

மாப்பிள்ளைக்கு ஒதுக்கிய உள்ளறை புதுசாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது. பீரோ மூலையில் நின்றது. கட்டிலை மாட்டிக் கொடுக்கச் சவுரிமுத்து ஒருத்தனே போதும். ஆனால் கன்னியம்மாவின் தம்பி பாக்கியநாதன் சட்டையைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தான். ஆசாரி வேலை செய்கிறவன். காதில் எப்போதும் ஒரு பென்சில். அன்றைக்கும் இருந்தது.

"நீங்க உக்காருங்க மாமா. கல்யாண அலைச்சலு. நான் மாட்டறேன்."

"இருக்கட்டும் தம்பி. நானே..."

"அட, குடுங்க." முதல் பலகையை வாங்கினான். வாங்கித் திருப்பினான். இரண்டாவதை வாங்கித் திருப்பினான். முகத்தில் சந்தோஷம். "இன்னா மாமா, அடிப்பக்கம்லாம் இனாமல் அடிச்சி வெச்சிகீறாங்க. நானும் பதினெட்டு வருசமா கட்டிலு போடறேன், எவனும் அடியில அடிச்சி நான் பாக்கல. எந்தக் கட, தாம்பரத்துலயா?"

"ஆமா. தாம்பரம்தான்."

"கட பேரு சொல்லுங்க. இவன்லாம் தொழிலு தெரிஞ்சவன். அக்கா, இங்க வந்து பாரு, உன் சம்மந்தி எம்மாம் ஒசத்தியா செஞ்சி எட்தாந்துகீறாரு."

அவன் கெட்ட எண்ணத்தில் கூப்பிடவில்லை. கன்னியம்மா காப்பி டம்ளரோடு வந்து நின்றாள். பாக்கியநாதன் அவளிடம் காட்டுவதற்காகப் பலகையைத் தூக்கிப் பிடித்தான். பிடித்த கட்டைவிரல் வழுக்கியது. அடியில் பெயிண்ட் இன்னும் முழுசாகக் காயவில்லை. நகம் பட்ட இடத்தில் தோல் மாதிரி சுருண்டு வந்தது. அதுக்குக் கீழே, எப்போதோ விளிம்பிலிருந்து வழிந்து காய்ந்த பழைய பெயிண்ட், பச்சையாக ஒரு கீற்று தெரிந்தது.

பாக்கியநாதன் பேச்சை நிறுத்தினான். இன்னும் கொஞ்சம் சுரண்டினான். சத்தம் போடாமல் பலகையைத் தன் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டான்.

"இன்னாடா?" என்றாள் கன்னியம்மா.

"ஒண்ணுமில்லக்கா. காப்பி குடு."

"இன்னா பச்சையா கீது? குடு இங்க."

"தேக்குக்கா. நல்ல மரம். கடையில இப்ப இந்த மாரி மரம் வராது."

"மரம் கெடக்குது. பழசா?"

அவள் டம்ளரை பீரோ மேல் வைத்தாள்.

"அண்ணே, உங்களத்தான் கேக்கறேன். பழசா?"

"ஆமாம்மா," என்றான் சவுரிமுத்து. "பழசுதான். நானே அடிச்சேன். மரம் நல்லா..."

"பழசுன்னா பழசுன்னு சொல்றது. நாங்க இன்னா கோட்டையிலயா கீறோம். நானும்தான் பழைய சாமானு வாங்கறேன். எதுக்கு புதுசு புதுசுன்னு? யாரோடது?"

"ஏர்போர்ஸ்காரரு. மாத்தலாயி போயிட்டாரு."

வாசலில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். ஏசுபாதம் வந்தார். தாவீது வந்து சுவரோரம் நின்றான். ஞானசௌந்தரி கல்யாணப் புடவையோடு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வந்திருந்த ஒரு கிழவி குனிந்து பலகையை மோந்து பார்த்துவிட்டுப் பின்னால் போனாள்.

"மாத்தலாயிப் போனவன் கட்டிலுக்கு அடியில எதுக்கு இவ்ளோ பெயிண்ட்டு?" என்று கன்னியம்மா தம்பியைக் கேட்டாள். "நீ சொல்லுடா. நீதான தொழில்காரன். எதுக்கு அடிப்பாங்க?"

பாக்கியநாதன் தரையைப் பார்த்தான். "எனுக்கு இன்னா தெரியும். இன்னாத்தியாவது மறைக்கணும்னாதான்க்கா அடியில அடிப்பாங்க."

அந்த அறையில் கிழக்குச் சுவரில் மாதா படம் இருந்தது, மேலே சின்ன சிவப்பு பல்பு. கன்னியம்மா படத்தைக் கழற்றிக் கொண்டுவந்தாள். கோபமாகக்கூட இல்லை. பயந்திருந்தாள்.

"அண்ணே, எனுக்கு ஒரே பையன். கட்டிலு பழசா புதுசான்னு நான் பேசல. இதுல யாரும் சாவலன்னு மாதா மேல கைய வெச்சி ஒரு வார்த்த சொல்லுங்க. நம்பறேன். நானே மெத்தயப் போட்டு விரிக்கறேன்."

படம் அவன் முன்னால் நீண்டிருந்தது. ரேகை இல்லாத விரல்களோடு கை தொடையின் மேலேயே கிடந்தது. தூக்கப் பார்த்தான். எல்லாரும் அந்தக் கையையே பார்த்தார்கள். வெளியே மீன்பாடி வண்டிக்காரன் நேரமாகிறது என்று ஹாரன் அடித்தான்.

சவுரிமுத்து கையைத் தூக்கவில்லை.

"செரி," என்றாள் கன்னியம்மா. அவ்வளவுதான். படத்தைக் கொண்டுபோய்த் திரும்ப மாட்டினாள்.

கட்டில் வந்த வண்டியிலேயே திரும்பியது. ஏசுபாதம், "புதுக் கட்டில் வரட்டும் சம்மந்தி, வந்ததும் மருமவளை இட்டுகினு வந்து வுடுங்க, ஒரு வாரம் பத்து நாள்ல இன்னா ஆயிடும்" என்றார். தாவீது வண்டி வரைக்கும் வந்தான். "நான் பேசறேன்" என்று ஞானசௌந்தரியிடம் சொன்னான். மழையில் அவன் சட்டை நனைந்து, பாக்கெட்டில் இருந்த கல்யாண ரோஜாவின் சாயம் இறங்கியது. வண்டியில் ஞானசௌந்தரி பலகைகளின் மேல்தான் உட்கார்ந்து வந்தாள். வேறு இடம் இல்லை.

பீரோ அங்கேயே நின்றுவிட்டது. அது புதுசு.

இரும்புலியூரில் வீடு ஒரே அறை. கட்டிலை வெளியே போட்டால் தெருவில் கேட்பார்கள் என்று உள்ளேயே மாட்டினான். அறையில் பாதியை அது எடுத்துக்கொண்டது. மூன்று பேரும் மிச்சப் பாதியில் தரையில் படுத்தார்கள். தெருக் குழாயில் சாமுண்டீஸ்வரி என்கிற பக்கத்து வீட்டுக்காரி ஞானம்மாளிடம், "இன்னாக்கா, மறுவூடு வந்த பொண்ணு இன்னும் போவலயா?" என்று ஒரு வாரம் கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் ஞானம்மாளுக்குத் தாங்கவில்லை.

"நீ மட்டும் கட பேரு எதுனா சொல்லியிருந்தா," என்பாள் புருஷனிடம்.

"நீ மட்டும் புதுசுன்னு சொல்லாம இருந்திருந்தா," என்பான் அவன்.

ஞானசௌந்தரி மஞ்சள் மாறாத தாலியோடு கம்பெனிக்குப் போனாள். தாவீது இரண்டு தரம் கம்பெனி கேட்டில் வந்து நின்றானாம். முதல் தரம் டீ வாங்கிக் கொடுத்தான். இரண்டாம் தரம், அம்மாவுக்குத் தூக்கமே இல்லை என்று சொன்னான். மூன்றாவது வாரம் வரவில்லை.

பாய் ஒன்று செய்தார். குரோம்பேட்டையில் தெரிந்த கடைக்காரரிடம் தன் பேரைச் சொல்லிப் புதுக் கட்டில் ஒன்று எடுக்க ஏற்பாடு செய்தார். "கொஞ்சம் கொஞ்சமா கழிச்சிக்கலாம், போய் தேதி கேட்டுகினு வா" என்றார். சவுரிமுத்து வேலைக்குப் போகாமல் பஸ் பிடித்துப் பள்ளிக்கரணை போனான். ஏசுபாதம் வீட்டில் இல்லை. கன்னியம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். தண்ணி கொடுத்தாள்.

"புதுக் கட்டிலு பாத்துட்டேம்மா. என்னிக்கு எட்தாறட்டும்?"

அவள் கத்தியை அலசினாள்.

"கட்டிலு வாணாம் அண்ணே."

"பொண்ண..."

"அத நானும் ரோசன பண்ணிகினுதான் கீறேன். அது நல்ல பொண்ணு, அது மேல எனுக்கு ஒண்ணுமில்ல. ஆனா அன்னிலேர்ந்து இந்த வூட்ல ஒருத்தர் தும்முனா எனுக்கு திக்குங்குது. அவருக்கு போன வாரம் காய்ச்சலு. அந்தக் கட்டிலு இங்க ஒரு மணி நேரம் கெடந்துச்சேன்னுதான் தோணுது. நாளைக்கு என் புள்ளைக்கு ஒண்ணுன்னா உன் பொண்ணு மூஞ்சியப் பாத்து நான் இன்னா பேசுவேன்? தெனம் அத பாத்துகினே ஒரு வூட்ல எப்டி கீறது, நீயே சொல்லு."

அவன் அந்தத் தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்தான்.

"நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா நம்பியிருப்பேன் அண்ணே," என்றாள் பின்னாலிருந்து. "நெசமா நம்பியிருப்பேன்."

டிசம்பர் பாதியில் புயல் மழை பிடித்தது. ஏரி நிரம்பி, ஒரு நாள் விடியும்போது வீட்டுக்குள் தண்ணி வந்தது. முதலில் வாசற்படி, அப்புறம் அடுப்பு, அப்புறம் கணுக்கால். அரிசி டின், ஸ்டவ், துணி மூட்டை, ஜெபப் புத்தகம் எல்லாவற்றையும் கட்டில் மேல் ஏற்றினார்கள். கடைசியில் அவர்களும் ஏறி உட்கார்ந்தார்கள். வீட்டில் மாட்டியதற்கப்புறம் அந்தக் கட்டிலில் யாரும் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். ஞானம்மாள் ஸ்டவ்வைப் பலகை மேலேயே வைத்துப் பால் இல்லாத டீ போட்டாள். கீழே ஒரு செருப்பு மிதந்து சுற்றிச் சுற்றி வந்தது.

ஞானசௌந்தரி டீயைக் குடித்துவிட்டுத் தலையைப் பின்னிக்கொண்டிருந்தாள். எட்டு மணி ஷிப்ட்டு.

"நைனா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"இது சிட்லபாக்கத்து வூட்டுக் கட்டிலுன்னு எனுக்கு அப்பவே தெரியும். எங்கூட தைக்கிற கங்கையம்மாள் இல்ல, அவங்கம்மா அந்த வூட்லதான் பாத்திரம் தேய்க்குது. நீ வண்டியோட வந்து கெயவரு கட்டில ஏத்திகினு போனத அதுதான் சொல்லிச்சு."

சவுரிமுத்துவின் கையில் டம்ளர் நின்றது. ஞானம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே?"

"வேற இன்னா பண்றது? செத்தவரு படுத்தா இன்னா, நம்ம வூட்ல கீற நாற்காலி ஸ்டூலு எல்லாம் யாரோடது? எனுக்கு அதெல்லாம் ஒண்ணுமில்ல." பின்னலின் நுனியில் ரிப்பன் கட்டினாள். "அன்னிக்கு அத்த மாதா படத்த நீட்டுனாங்கல்ல. ஏன் கைய வெக்கல?"

"பொய் சத்தியம் பண்ணக் கூடாதும்மா."

"ஏர்போர்ஸ்காரருன்னு சொன்னியே, அது?"

அவன் டம்ளரைப் பலகை மேல் வைத்தான்.

"தாம்பரத்துக் கடைன்னு சொன்னே. என்னாண்ட ஜோத்பூருன்னு சொன்னே. அத்தினியும் சொன்னே. நான் கதவாண்டதான் நின்னுகினு இருந்தேன், உன் கையவே பாத்துகினு. தூக்கிடும், தூக்கிடும்னு நெனச்சேன். இன்னும் ஒரே ஒரு பொய்யி, நைனா. எனுக்காவ அத சொல்லியிருக்கக் கூடாதா?"

"வாய மூடுடி," என்றாள் ஞானம்மாள். ஆனால் அவள் குரலில் அதட்டல் இல்லை.

கல்யாணத்தன்றிலிருந்து சவுரிமுத்து யாரிடமும் சொல்லாமல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டிருந்தான். எல்லாம் தப்பாகப் போனாலும் அந்த ஒரு நேரத்தில் தான் சரியாக நடந்துகொண்டதாக. பாவசங்கீர்த்தனத்தில் மற்ற பொய்யெல்லாம் சொன்னபோதும் அதைச் சொல்லவில்லை, அது பாவம் இல்லை என்பதால். இப்போது மகள் முகத்தைப் பார்த்தான். அவள் அழவில்லை. கோபமும் இல்லை. டிபன் பாக்ஸைத் தேடினாள்.

"இன்னிக்கு போவாதம்மா. தண்ணி ஏறிகினு கீது."

"லீவு போட்டா சம்பளம் புடிப்பான்."

புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகினாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். தாலியை ரவிக்கைக்குள் தள்ளிவிட்டு, கட்டிலின் விளிம்பைப் பிடித்து மெதுவாகத் தண்ணியில் இறங்கினாள். சில்லென்றிருந்திருக்க வேண்டும், ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். பிறகு வாசலைத் தாண்டி, தெருவில் எது மேடு எது பள்ளம் என்று காலால் தடவித் தடவி, ஸ்டேஷன் பக்கம் போனாள்.

"கூடப் போய் ரோடு வரைக்குமாவது வுட்டுட்டு வாயேன்," என்றாள் ஞானம்மாள்.

சவுரிமுத்து ஒரு காலைக் கீழே விட்டான். தண்ணி கெண்டைக்கால் வரைக்கும் வந்தது. இறங்கி நடந்தால் எட்டிப் பிடித்துவிடலாம், அவ்வளவு தூரம் போயிருக்க மாட்டாள். பிடித்து என்ன சொல்வது என்று தெரியவில்லை. காலை எடுத்து மறுபடி பலகை மேல் வைத்துக்கொண்டான்.